சோழர்கள் ஏன் படையெடுத்தார்கள்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். சோழர்கள் பக்கத்து நாடுகள்மேல் பாய்ந்தது கொள்ளைக்காக மட்டுமே, மற்றதெல்லாம் பூச்சு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவரோ, அவர்கள் அறப்போர் செய்தவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் தொட்டதே இல்லை, சோழப் படையின் கொடுமைகளைச் சொல்லும் 1007-ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு எதிரியான சாளுக்கியர் எழுதிவைத்த பொய் என்கிறார். இருவரும் கல்வெட்டைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வென்ற நாட்டில் சோழர்கள் என்னதான் செய்தார்கள்? எதற்காகப் போனார்கள்?

எஸ்.,
கரூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் இருவரும் சோழர் போர்கள் அத்தனையையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிடித்த நிலத்தை வைத்துக்கொள்வதா, நமக்கு வேண்டிய ஒருவரை அங்கே அரியணையில் ஏற்றுவதா, அடித்துவிட்டுத் திரும்பிவிடுவதா என்று மூன்று வகை நோக்கம் இருந்தது. படை எப்படி நடந்துகொண்டது என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே மாறியது.

ஈழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கான காரணங்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. அனுராதபுரத்தில் ஐந்தாம் மகிந்தனால் வரி தண்ட முடியவில்லை. குடியானவர்கள் கொடுக்க மறுத்தார்கள். கூலிக்கு வைத்திருந்த கேரளப் படையினர் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தார்கள். அரசன் தெற்கே உரோகணத்துக்கு ஓடினான். இந்த நிலவரத்தைச் சோழ மன்னனிடம் போய்ச் சொன்னவர் ஒரு குதிரை வணிகர் என்கிறது இலங்கையின் பாலி வரலாறான சூளவம்சம். அந்தக் காலத்தில் எல்லா அரசவைக்கும் போய்வரக்கூடியவர் குதிரை விற்பவர்தான். எந்த அரண்மனையில் பணம் இருக்கிறது, எங்கே கடன் சொல்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அது வாய்ப்பு. பகை அதற்கு முந்தியது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், தன் குல முடியையும் ஆரத்தையும் ஈழத்து அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். பராந்தகன் படை அனுப்பியும் அவை கிடைக்கவில்லை. மதுரையைப் பிடித்திருந்தும் பாண்டியன் முடி கையில் இல்லை என்பது சோழர்களுக்கு ஒரு தலைமுறைக் குறை அல்ல, நூறு ஆண்டுக் குறை. முதலாம் ராஜராஜன் 993 வாக்கில் ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தான். 1017-இல் ராஜேந்திரன் படை மகிந்தனையே சிறைப்பிடித்தது. ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் வெற்றிகளைப் பாடும் புகழுரை, ஈழத்தில் எதை முதலில் சொல்கிறது பாருங்கள்: ‘பொருகடல் ஈழத்து அரசர்தம் முடியும் ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும் முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்’. இவ்வளவும் ஆனபிறகுதான் ‘ஈழ மண்டலம் முழுவதும்’ வருகிறது. முடிகளுக்குப் பின்னால்தான் நிலம். மகிந்தன் 12 ஆண்டு சோழநாட்டில் சிறையிருந்து இறந்தான்.

இனி நடத்தைக்கு வருவோம். புத்த நினைவுச்சின்னங்களை உள்ளே வைத்த தாதுகோபங்களை உடைத்துத் திறந்தார்கள், பொற்சிலைகளை அள்ளினார்கள், விகாரைகளை அழித்தார்கள், இரத்தம் குடிக்கும் யட்சர்களைப்போல நாட்டின் செல்வத்தை உறிஞ்சினார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. பிக்குகள் எழுதிய நூல், கோபம் இருக்கும்தான். ஆனால் அனுராதபுரம் அதற்குப்பின் தலைநகராக எழவேயில்லை. அதே சோழர்கள் பொலன்னறுவையைத் தங்கள் இருப்பிடமாக்கினார்கள், சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள், வானவன்மாதேவி ஈச்சரம் என்ற கற்கோயிலைக் கட்டினார்கள். அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. நாடு மும்முடிச்சோழ மண்டலம் ஆயிற்று. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டது. இருக்கப்போகாத நகரைச் சுரண்டினார்கள். இருக்கப்போகிற நகரில் கோயில் கட்டினார்கள், வரி கணக்கிட்டார்கள்.

வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு அடையாளம் இந்தப் பெயர்மாற்றம்தான். கன்னட நாட்டுப் பகுதிகளான கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம், நுளம்பபாடி நிகரிலிச்சோழ மண்டலம், பாண்டிநாடு ராஜராஜப் பாண்டி மண்டலம் என ஆயின. தலைக்காடு ராஜராஜபுரம் ஆயிற்று. மதுரையில் மாளிகை எடுப்பித்து, ராஜேந்திரன் தன் மகனுக்குச் சோழபாண்டியன் பட்டம் கட்டி உட்காரவைத்தான். இங்கே ஊர்களைக் கொளுத்தினால் அடுத்த விளைச்சலின் வரி தனக்கே நட்டம். அதற்காக மென்மை என்று நினைத்துவிடாதீர்கள். சேர்த்துக்கொண்ட நாட்டில் கிளர்ச்சி வந்தால் தண்டனை வெளிப்பகைக்குக் கொடுப்பதைவிடக் கடுமையாக இருந்தது. முதலாம் ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி, எதிர்த்தெழுந்த தென்னவரில், அதாவது பாண்டியரில், மானாபரணன் தலையைக் கொய்ததையும் வீரகேரளனை யானைக்காலில் இடறவைத்ததையும் பெருமையாகச் சொல்கிறது.

வேங்கி வேறு கதை. கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட அந்த நெல்வயல் நாட்டை ராஜராஜன் தன் மண்டலமாக்கவில்லை. வேங்கி மன்னன் தானார்ணவனைக் கொன்று 973-இல் ஜடாசோட பீமன் ஆட்சியைப் பறித்தபோது, தானார்ணவனின் மக்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழர்களிடம் அடைக்கலம் வந்தார்கள். ராஜராஜன் மூத்தவனை 999 வாக்கில் அரியணையில் ஏற்றினான், இளையவனுக்குத் தன் மகள் குந்தவையைக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திரனின் மகள் அம்மங்கை. படைச்செலவு ஒரு முறை, பலன் மூன்று தலைமுறைக்கு. ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. பெண் கொடுத்த வீட்டில் வேறு மனைவியின் மகனும் இருப்பான். விமலாதித்தன் இறந்ததும் அவனது இன்னொரு மகன் விஜயாதித்தனுக்கு, மேற்கே கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியர் கைகொடுத்தார்கள். உடனே இரு முனையில் போர். மேற்கே 1021-இல் முசங்கியில் சாளுக்கிய மன்னன் ஜயசிம்மனுடன் மோதல், கிழக்கே 1022-இல் வேங்கியில் நரேந்திரனுக்கு முடிசூட்டு. அடுத்த 50 ஆண்டுகளில் வேங்கி அரியணை ஆடும்போதெல்லாம் துங்கபத்திரைக் கரையிலும் போர் மூண்டது. கடைசியில் 1070-இல் சோழ அரியணைக்கே வாரிசு இல்லாமல் போக, அம்மங்கையின் மகன் முதலாம் குலோத்துங்கனாக வந்து அமர்ந்தான்.

மேற்கே இரட்டபாடிக்கு, அதாவது கல்யாணிச் சாளுக்கியரின் நாட்டுக்குப் போன போர்கள் மூன்றாம் வகை. ‘இரட்டபாடி ஏழரை இலக்கமும் கொண்ட’ என்று மன்னர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டாலும் கல்யாணியைச் சுற்றிச் சோழ மண்டலப் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. சாளுக்கியன் கை வேங்கிக்கு நீளாமல் அவனை அவன் வீட்டிலேயே கட்டிப்போடுவதுதான் வேலை. திரும்பிவரப்போகிற படைக்கு அந்த ஊர்கள் அடுத்த ஆண்டு விளைவதைப் பற்றி என்ன கவலை? தஞ்சையிலிருந்து துங்கபத்திரைவரை சோறு கட்டிக்கொண்டு எந்தப் படையும் போக முடியாது. எதிரி ஊரின் களஞ்சியத்தையும் மாட்டையும்தான் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

ஹொட்டூர்க் கல்வெட்டு இந்தப் பின்னணியில் வருகிறது. ராஜராஜ சோழனின் படை 9 லட்சம் பேராகத் தோணூர்வரை வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைப் பிடித்துப்போனது என்று சாளுக்கிய மன்னன் சத்யாசிரயன் தரப்பு எழுதியது. 9 லட்சம் நம்பத்தக்க எண் இல்லை. அதை வைத்து மற்றதையும் பொய் என்று தள்ள உங்கள் நண்பருக்கு உரிமை உண்டா? நம் தரப்புக் கல்வெட்டையே படிக்கச் சொல்லுங்கள். சாளுக்கியத் தண்டநாயகன் சாமுண்டராயனைக் கொன்றதோடு, அவன் ஒரே மகள், இருகையன் மனைவி நாகலை, மயிலை ஒத்த அழகி, அவள் முகத்திலிருந்து மூக்கை அரிந்ததாக வீரராஜேந்திரன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஈழத்து அரசன் வீரசலாமேகனின் தாயை மூக்கரிந்ததாக ராஜாதிராஜன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. சாளுக்கிய மன்னன் ஆகவமல்லனின் தூதர் இருவரில் ஒருவனுக்குத் தலையில் ஐந்து குடுமி வைத்தும், இன்னொருவனுக்குப் பெண்ணுடை உடுத்தி ஆகவமல்லி என்று பெயரிட்டும் திருப்பி அனுப்பியதாகவும் அதுவே சொல்கிறது. இவை எதிரியின் குற்றச்சாட்டுகள் இல்லை. அரசவையில் பாடி, ஊர் ஊராகக் கோயில் சுவரில் வெட்டவைத்த புகழுரை. தூதரைத் தொடக்கூடாது, பெண்களுக்கு ஊறு செய்யக்கூடாது என்ற நெறி நம் மரபில் தெளிவாக இருந்தது. அதை மீறியதைப் பெருமையாகச் சொல்ல ஒரு பேரரசு துணிந்தது என்பதை எண்ணி நான் வருந்துகிறேன். மறைத்துவிட்டால் அந்தப் பெண்களுக்கு நாமும் அநியாயம் செய்தவர்களாவோம்.

கொள்ளை மட்டுமே காரணம் என்ற முதல் நண்பரின் வாதத்துக்கும் வலு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் எறிந்து கொண்ட பண்டாரத்திலிருந்து கொடுத்தவை என்று பொருள்கள் எடையோடு பதிவாகியிருக்கின்றன. சத்யாசிரயனை எறிந்து திரும்பிவந்து இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் உண்டு. கோயில் பண்டாரம் பூட்டிய அறையாக இருக்கவில்லை. கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குப் போயிற்று: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். போரில் வந்த செல்வத்தால் தழைத்த ஒரு நிறுவனம், காவிரிக்கரை வேளாண்மைக்குக் கடன் கொடுத்தது. ஆனால் கொள்ளை மட்டுமே நோக்கம் என்றால் வேங்கிக்கு மூன்று தலைமுறை பெண் கொடுத்திருக்க வேண்டாம், மதுரையில் மகனை உட்காரவைத்திருக்கவும் வேண்டாம். கொள்ளை போரின் செலவைத் தாங்கியது. எந்தப் போரைத் தொடங்குவது என்பதை எல்லா நேரமும் அது தீர்மானிக்கவில்லை.

மதிப்புக்காக எடுத்துவந்த பொருள் ஒன்றை நீங்களே நேரில் பார்க்கலாம். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் கருங்கல்லில் ஒரு துவாரபாலகர் இருக்கிறார். தாராசுரத்திலிருந்து வந்தவர். பருத்த உடலும் வேலைப்பாடும் சாளுக்கியப் பாணி. பீடத்தில் தமிழ் எழுத்து: ‘உடையார் ஸ்ரீ விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்’. பொன் அல்ல, மணி அல்ல; பாரமான கல். அதைக் கல்யாணியிலிருந்து சோழநாடுவரை ஏற்றிவந்தார்கள். எதிரியின் வாயிற்காவலனே இப்போது என் வாசலில் நிற்கிறான் என்று ஊருக்குக் காட்டவேண்டும். அந்த விஜயராஜேந்திரன், அதாவது ராஜாதிராஜன், 1054-இல் கொப்பத்தில் யானைமேலேயே மாண்டான். தம்பி களத்திலேயே முடிசூடிப் போரை முடித்தான்.

அடுத்த நூற்றாண்டுகளில் இதே நடைமுறை சோழநாட்டின் மேலேயே திரும்பியது. 1216-க்குப் பிறகு மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) செந்தழல் கொளுத்தினான், மாளிகைகளை இடித்தான், பாழ்நிலமாக்கும் அடையாளமாகக் கழுதை கொண்டு உழுது கவடி (சோழி) வித்தினான். முடிகொண்ட சோழபுரத்தில் வெற்றி முடிசூட்டான வீராபிஷேகம் செய்துகொண்டு, பிறகு நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். ‘சோணாடு வழங்கியருளிய’ என்பது அவன் பட்டப்பெயர். முழு நாட்டையும் நேராக ஆள்வதற்கு ஆளும் படையும் வேண்டும். அடிபணிந்த சோழன் செலவில்லாமல் அதைப் பார்த்துக்கொள்வான். வடக்கே கன்னட நாட்டுப் போசளர்கள் காத்திருந்ததும் அவனுக்குத் தெரியும். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குச் சோழன் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் சொல்கிறது.

அன்புடன்.