ஊசி நிற்கவில்லை, செயலி இருக்கிறதா?

கேள்வி: இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடுகள் வளர்க்கிறேன். ஒன்றுக்கு மூன்று தரம் சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. மகன் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்த டொனிக், இந்தப் பவுடர் என்கிறான். வேட்கையை, அதுதான் மாடு சினைக்குத் தயாராகும் நேரத்தை, கண்டுபிடிக்க போனில் செயலி ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, புத்தூர்

பதில்: செயலி இருக்கட்டும் பிள்ளை, முதலில் கயிற்றைப் பாருங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதுதான் வேட்கைக்கு ஆகத் திடமான அடையாளம். வீடியோக்களிலும் அதைத்தான் சொல்வார்கள், சரிதான். ஆனால் அது அவிழ்த்து விட்டு வளர்க்கும் பண்ணைக்குப் பொருந்தும். உங்கள் இரண்டும் கொட்டிலில் தனித்தனிக் கட்டையில் நின்றால் எது எதன்மேல் ஏறுவது? விடியவும் பின்னேரமும் அரை மணித்தியாலம் வளவுக்குள் அவிழ்த்து விட்டுப் பாருங்கள். படுக்கப் போகுமுன் டோர்ச்சோடு ஒருக்கால் எட்டிப் பாருங்கள். பல மாடுகள் இரவில்தான் காட்டும்.

வேட்கை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும், 18 முதல் 24 வரை முன்பின் ஆகலாம். காலையில் கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை ஊசி. போனுக்கு இங்கேதான் வேலை. கண்ட திகதியையும் நேரத்தையும் அதில் பதிந்து, அடுத்த முறைக்கு நினைவூட்டல் வையுங்கள். அந்த நாள் நெருங்கும்போதே ஊசி போடுபவருக்குச் சொல்லி வைக்கலாம். மாடு கத்தத் தொடங்கிய பிறகு அழைத்தால் மனிதர் எந்த ஊர் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறாரோ!

வேட்கை நேரத்தில் மாட்டின் அறையிலிருந்து வடியும் வழும்பையும் படம் எடுத்து கால்நடை வைத்தியருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளையோ மஞ்சளோ கலந்திருந்தால் கருப்பையில் கிருமி இருக்கக்கூடும், அந்த முறை ஊசி வேண்டாம். எப்படியும் மூன்று தரம் தவறிய மாட்டை வைத்தியர் சோதித்துப் பார்க்காமல் நாலாவது ஊசிக்குப் போகாதீர்கள். கனியுப்புக் குறைவாலும் சினை தவறும்தான். அதற்காக, மாட்டைக் காணாத ஒருவர் சொல்லும் டொனிக்குக்கு ஏன் காசு?

கேள்வி: மாட்டுத் தீனிக்குக் கோ-3 புல் நட ஆசை. வளவு சிறியது, கோடையில் தண்ணீரும் தட்டுப்பாடு. சரிவருமா?
– ஒரு வாசகர், சங்கானை

பதில்: வரும். கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக நடுங்கள். கோயம்புத்தூரில் நேப்பியர் புல்லையும் கம்பையும் கலந்து உருவாக்கிய புல் இது. முதல் வெட்டு 75–80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருக்கால். மாட்டெரு தாராளமாகப் போடுங்கள். யூரியாவில் மட்டும் கை இறுகட்டும், எங்கள் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நைத்திரேற்றாக இறங்கிக் கிணற்றில்தான் சேரும். நடுவதற்கான தண்டுக் கட்டைக்குக் கடை தேடாதீர்கள், ஏற்கெனவே நட்டவர் புல் வெட்டும் நாளில் முற்றிய தண்டாகக் கேட்டு வாங்குங்கள்.