பூட்டிய வீட்டுக்காரர்களிடம் பள்ளிக்கு உதவி கேட்பது எப்படி?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி நான். 64 பிள்ளைகள். மானியம் பாதிதான் வந்தது. தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது, சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஊரில் பெரிய வீடுகள் எல்லாம் பூட்டு. சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும். எப்படிக் கேட்பது?

பதில்: 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு ரூ.25,000. அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். முழுதாக வந்தாலும் சுவர் எழும்பாது. ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்காக நானே அப்படிப் போய் நின்றேன். முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சாமான், என்ன விலை, எப்ப வேணும்?" என்றார்கள். என் கையில் மஞ்சள் பை தவிர ஒன்றுமில்லை. மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வட்டிக்கடைக் கணக்குப் பார்த்து வளர்ந்த ஊர் இது, துண்டுச்சீட்டாவது வேண்டும்.

முதலில் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், எங்கிருந்து பணம் வந்தாலும் அதன் செலவைக் கண்காணிப்பதும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவின் வேலைதான். மோட்டாருக்குக் காயில் கட்ட ஒரு சீட்டு, சுவருக்கு ஒரு மதிப்பீடு என்று தனித்தனியாக வாங்குங்கள்.

சுவருக்கு 'நமக்கு நாமே' திட்டம் சரியாக வரும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. மீதியை அரசு போடும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழி இருக்கிறது.

சின்னச் செலவுதான் பெரிய பாடு. கட்டடம் என்றால் கல்வெட்டில் பேர் வரும். பினாயிலுக்கும் கழிவறை கழுவுகிறவர் சம்பளத்துக்கும் யார் உபயம் எழுதுவார்? இதற்கு நகரத்தார் (செட்டியார்) சமூகத்தின் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனவுடன் தம்பதி ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி என்று நகரத்தார் கோயில் நடக்கவில்லையா? அதுபோல வீட்டுக்கு இவ்வளவு என்று வருடாந்தரத் தொகை ஒன்றைச் சொல்லுங்கள். சிறியதாக இருக்கட்டும், எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். செட்டியார் வீடுகள் மட்டும் என்றில்லை. துபாயில் வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணவரும் ஒரு புள்ளிதான்.

எப்போது கேட்பது? படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் குடும்ப விசேஷம்) கல்யாணத்துக்கும் பூட்டுத் திறக்கும்போது. விசேஷம் முடிந்த மறுநாள் காலை போங்கள். விசேஷத்தன்று யாருக்கும் காது கேட்காது.

அப்புறம், மலேசியப் பணத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. சொந்த ஊர்க்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வருமான வரிச் சலுகை கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள அமைப்பின் ரசீதுக்குத்தான் அது உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. நீங்களும் ரொக்கம் வாங்காமலிருப்பது நல்லது.

மோட்டார் ஓடியதும் பில்லையும் தொட்டியில் தண்ணீர் விழும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவர்ப் பேச்சை அடுத்த படைப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.