வென்டிலேட்டர் வாங்கித் தருவதற்கு முன்: வட்ட அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு ஆதரவு திரட்டும் முறை

கேள்வி: எங்கள் ஊர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ளது. வட்ட அரசு மருத்துவமனைக்கு வரும் விபத்து நோயாளிகளில் பெரும்பாலோர் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. வணிகர் சங்கமும் பள்ளி முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 18 லட்சம் ரூபாய்க்கு உறுதி பெற்றிருக்கிறோம். சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள நண்பர்களும் தர முன்வருகிறார்கள். ஒரு வென்டிலேட்டரும் ஓர் ஆம்புலன்சும் வாங்கித் தர நினைக்கிறோம். யாரை அணுகுவது, எப்படிச் செய்வது?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியில் இருந்த காலத்தில் ஒரு வட்ட மருத்துவமனைக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். விபத்துப் பிரிவின் மூலையில் நன்கொடையாக வந்த வென்டிலேட்டர் ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் நின்றது. வழங்கியவர்களின் பெயர்ப்பலகை மட்டும் திருத்தமாக ஒட்டப்பட்டிருந்தது. அதை இயக்கத் தெரிந்த மயக்க மருத்துவர் வாரத்தில் மூன்று நாள், அதுவும் பகலில் மட்டும், பிரசவ அறுவை சிகிச்சைகளுக்காக வந்து போய்க்கொண்டிருந்தார். அதே அறையில், தொண்டையில் அடைத்த இரத்தத்தையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்கும் கருவியின் ரப்பர் குழாய் விரிசல் விட்டு, அதன்மேல் பிளாஸ்திரி சுற்றப்பட்டிருந்தது. சாலையில் அடிபட்டு நினைவிழந்து வருபவரின் உயிரை முதல் ஐந்து நிமிடத்தில் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் குழாய்தான்.

விபத்தில் சிக்கியவர் மருத்துவமனையை உயிரோடு அடைந்த பிறகு இறப்பதற்கான காரணங்கள் மிகப் பல அல்ல. மூச்சுப்பாதை அடைபடுவது, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றோ இரத்தமோ தேங்கி நுரையீரலை அழுத்துவது, கட்டுப்படாத இரத்தப்போக்கு, தலைக்காயம் ஆகியவையே முதன்மையானவை. இவற்றில் தலைக்காயத்துக்கு நரம்பியல் அறுவை மருத்துவர் தேவை என்பதால், அது வட்ட மருத்துவமனையில் முடியும் காரியம் அன்று. மற்ற மூன்றையும் குறைந்தபட்சம் தாங்கிப் பிடித்து அனுப்ப முடியும். ஆகவே மேல்சிகிச்சைக்கு அனுப்புவதையே குறையாகக் கருதி அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அனுப்ப வேண்டியவர்களை அனுப்பித்தான் ஆக வேண்டும். எந்த நிலையில், எத்தனை நிமிடத்துக்குள், யாரிடம் சொல்லிவிட்டு அனுப்பினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகி, 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்.

செலவு குறைந்தவை எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து இரத்தக்கட்டி கரைவதைத் தடுத்து, இரத்தப்போக்கைக் குறைக்கிறது. 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வும், அதன் தரவை 2011இல் மீண்டும் ஆராய்ந்த கட்டுரையும், காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் இரத்தப்போக்கினால் நேரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றும், மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தால் பயனுக்குப் பதிலாகத் தீங்கே விளையலாம் என்றும் காட்டின. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத மருந்து இது. உங்கள் ஊரிலேயே கொடுத்தாக வேண்டும். இடுப்பெலும்பு உடைந்தவருக்கு, மடித்த படுக்கை விரிப்பை இடுப்பைச் சுற்றித் தொடையெலும்பு மேட்டின் மட்டத்தில் இறுக்கிக் கட்டினாலே உள்ளே கசியும் இரத்தம் குறையும். இதற்குத் தேவை பயிற்சி பெற்ற இரண்டு கைகள் மட்டுமே. நெஞ்சில் செருகும் குழாய், கழுத்துப் பட்டை, உடைந்த காலை நீட்டிக் கட்டும் சட்டம், தட்டுப்பாடில்லாத ஆக்சிஜன், பேட்டரி செத்துப்போகாத இதயத்துடிப்புக் காட்டி ஆகியவை இந்த வரிசையில் அடுத்து வருபவை.

இரத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வட்ட மருத்துவமனையில் இரத்த வங்கி அமைப்பது பெரிய வேலை. இரத்தச் சேமிப்பு மையம் அவ்வளவு கடினம் அன்று. உரிமம் பெற்ற ஓர் இரத்த வங்கியோடு இணைந்து, ஆண்டுக்கு 2,000 அலகுகளுக்கு மிகாமல் இரத்தம் பெற்றுப் பயன்படுத்த விதிகள் இடம் தருகின்றன. மகப்பேறு அவசர சிகிச்சைக்காக உங்கள் மருத்துவமனையில் இந்த மையம் ஏற்கெனவே இருக்கவும் கூடும். அப்படியானால், இரவு பத்து மணிக்கு விபத்து நோயாளிக்கு அதிலிருந்து ஓர் அலகு எடுத்துத் தர ஆள் இருக்கிறாரா, 2 முதல் 6 டிகிரி வரையிலான குளிரைக் காக்க வேண்டிய பெட்டிக்கு மின்தடையின்போது மாற்று மின்சாரம் உண்டா என்று கேளுங்கள். குளிர்ப்பெட்டிக்கு மின்கல ஏற்பாடு செய்து தருவதும், அழைத்தால் வரக்கூடிய கொடையாளர் பட்டியல் ஒன்றை வணிகர் சங்கமே பராமரிப்பதும் உங்கள் 18 லட்சத்தில் மிகச் சிறிய பகுதியிலேயே முடிந்துவிடும்.

எது குறை என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. விபத்தில் வரும் ஒவ்வொருவரும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறார்கள், ஏ.ஆர். என்று ஊழியர்கள் சொல்வது அதைத்தான். பெயர்களைக் கேட்கவும் கூடாது, தரவும் மாட்டார்கள். எண்ணிக்கை போதும்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை விபத்து நோயாளிகள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், பதிவேட்டில் எழுதப்பட்ட காரணம் என்ன, வந்தது பகலிலா இரவிலா. தலைமை மருத்துவரிடம் எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆயினும் முதல் கடிதமே தகவல் உரிமை மனுவாக இருந்தால், உங்களை நண்பராகப் பார்க்க வேண்டிய மருத்துவர் உங்களைப் புகார்தாரராகப் பார்ப்பார் என்பதை மறவாதீர்கள். சிடி ஸ்கேன் இல்லை என்ற காரணம் பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வழி. அறுவை மருத்துவர் இல்லை என்பதே காரணமாக இருந்தால் முற்றிலும் வேறு வழி. நன்கொடை கேட்கும்போதும் இந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அணுக வேண்டிய இடம் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. வட்ட மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின்கீழ் வருபவை. மாவட்ட அளவில் அவற்றுக்குப் பொறுப்பு நலப்பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. அங்கே பொறுப்பு டீனுக்கு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்றாவது ஓர் இயக்ககத்தைச் சேர்ந்தவை. உங்கள் மனு தலைமை மருத்துவர் வழியாக இணை இயக்குநருக்குப் போய், அதன் படி மாவட்ட ஆட்சியருக்கும் போக வேண்டும். மாநில அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ.யின்கீழ், நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துப் பார்க்கும் சிகிச்சை மையங்கள் நிலைவாரியாக அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இருந்தால், அந்த நிலைக்கு உரியது என்று அரசே வகுத்துள்ள ஆட்களும் கருவிகளும் வந்துசேர்ந்தனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசு தர வேண்டியதை நீங்கள் வாங்கித் தந்துவிட்டால், அந்தக் கோப்பு அத்துடன் மூடப்பட்டுவிடும்.

பணத்தைத் தனிநபர் கணக்கிலோ மருத்துவர் கையிலோ தராதீர்கள். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்கு என்று வங்கிக் கணக்கு உண்டு. அதில் செலுத்தி ரசீது பெறுங்கள். வருமான வரிச் சலுகையை எதிர்பார்க்கும் கொடையாளர்கள், பணம் பெறும் அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் வட்டாரத்தில் ஆலை நடத்தும் நிறுவனங்களையும் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் விதி. அந்தப் பணத்தை உங்கள் சங்கத்தின் வழியாகப் பெற நினைத்தால், சங்கம் அதற்கென்று ஒன்றிய அரசு வகுத்துள்ள சி.எஸ்.ஆர்.1 படிவத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குச் செய்து கொடுப்பதே எளிது. கட்டட வேலை என்றால், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கொண்ட சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும், 5 கோடி ரூபாய் கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர் நிதியையும் கேளுங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தில் இந்த வேலை சேருமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பதும் நல்லது. சேருமானால் உங்கள் 18 லட்சம் பல மடங்கு வேலை செய்யும்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருப்பவர், வங்கி வழியாகத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது, அவர் கையில் இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின்கீழ் பதிவு இல்லாத சங்கம் அதைப் பெறுவது குற்றம். ஆகவே முதலில் ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். அங்கே பயன்படுத்திய கருவிகளைக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னால் மென்மையாக மறுத்துவிடுங்கள்: கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230, அந்தக் கருவிக்கான உதிரிப்பாகத்தை நம் ஊரில் எங்கே தேடுவீர்கள்?

ஆம்புலன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008 முதல் 108 சேவை இலவசமாக இயங்குகிறது. நெடுஞ்சாலை விபத்துக்கு 1033 என்ற எண்ணும் உண்டு. நீங்கள் வாங்கும் வண்டிக்கு ஓட்டுநர்கள், உடன்செல்லும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள், எரிபொருள், காப்பீடு என்று மாதந்தோறும் பணம் வேண்டும். மூன்றாம் ஆண்டில் அது மருத்துவமனை வாசலில் சக்கரத்தில் காற்றில்லாமல் நிற்கும். அதைவிட, 108 வண்டி நோயாளியை ஏற்றியவுடன் விபத்துப் பிரிவுக்கு முன்தகவல் சொல்கிறதா, அந்தத் தொலைபேசியை எடுக்க இரவில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். நோயாளிகளின் சிகிச்சைச் செலவுக்கென்று நிதி ஒதுக்கவும் அவ்வளவாகத் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், எந்த மாநிலத்தவர் ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டம், ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது.

பணத்தால் வாங்க முடியாதது பணியிடம். அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலியானவை எத்தனை, மாற்றுப்பணியில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் பெற்று, சட்டமன்ற உறுப்பினரிடம் சங்கத் தீர்மானத்துடன் கொடுங்கள். ஊரே கேட்கிறது என்று தெரிந்தால் கோப்பு நகரும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் வாடகைக்கு நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளி இடமும் தேடிக் கொடுத்தாலே இரவுப் பணி மருத்துவர் ஊரில் தங்குவார் என்பதும் என் அனுபவம். இது நன்கொடைக் கணக்கில் எழுத முடியாத உதவி.

எந்தக் கருவி வாங்கினாலும், தருவதற்கு முன் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். இயக்கப் போகிறவர் யார், பயிற்சி எப்போது, உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தச் செலவை ஏற்பது மருத்துவமனையா உங்கள் சங்கமா, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய எண் என்ன என்ற நான்கும் அதில் இருக்கட்டும். திரட்டிய தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே வைப்புத்தொகையாக ஒதுக்கிவிடுங்கள். தலைமை மருத்துவரைப் பார்க்கத் திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள்; புறநோயாளிக் கூட்டத்தில் உங்களுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. வாரத்தின் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மூன்று பேருக்கு மிகாமல் போங்கள். விபத்துப் பிரிவின் தலைமைச் செவிலியரையும் அந்த அறைக்கு அழைக்கச் சொல்லி, ‘நேற்று இரவு என்ன இல்லாமல் தவித்தீர்கள்?’ என்று அவரிடமே முதலில் கேளுங்கள்.