சாடில் பீக் போகும் கையோடு குப்பை அள்ளலாமா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஜனவரியில் வடக்கு அந்தமானில் திக்லிபூர் போய், காளிப்பூர் கடற்கரைப் பக்கமிருந்து சாடில் பீக் ஏறப்போகிறோம். இரண்டு வருடம் முன்பு போனபோது கரை நெடுக பாட்டில், செருப்பு, வலை என்று கிடந்தது, மனசு கேட்கவில்லை. இந்த முறை சாக்கு கொண்டுபோய் அள்ளி வரலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு முடியும்? எதைத் தொடக்கூடாது? பாட்டில்களில் பாதி தாய்லாந்து, மலேசியச் சரக்கு. "அவன் போட்டதை நாம் ஏன் அள்ளணும்?" என்று எங்களில் ஒருவர் கேட்கிறார். அப்புறம், தாய் எழுத்து உள்ள பாட்டில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வரவேண்டும் என்கிறாள் என் மகள். எடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் திட்டத்தை இரண்டாக உடையுங்கள். மலைக்கு ஒரு நாள், குப்பைக்கு ஒரு நாள். சாடில் பீக் 732 மீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும், காட்டுக்குள் காற்று அசையாது, போக வர ஒரு முழுப் பகல் போய்விடும். பாதையின் தொடக்கம் கரையோரமாகப் போவதால், போகும்போதே அள்ளிவிடலாம் என்று ஆசை வரும். அள்ளினால் மலையும் முடியாது, சாக்கும் ஊர் வந்து சேராது. குப்பை நாளன்று லாமியா விரிகுடா வரை போய்த் திரும்பினால் போதும்.

அடுத்தது, சாக்கு கடைசியில் எங்கே போகும்? அள்ளுவதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் இதை ஒருமுறை பட்டுத்தான் கற்றேன். நாலு சாக்கு நிறையக் கட்டி, மறுநாள் வண்டி கொண்டுவந்து ஏற்றலாம் என்று ஒரு தாழை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். அன்று பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் உறைக்கவில்லை. காலையில் போனால் ஒரு சாக்குதான் இருந்தது, அதுவும் வாய் பிரிந்து. கரையில் பரவிக் கிடந்ததை நானே மூட்டை கட்டிக் கடலுக்குள் அனுப்பிவைத்த கணக்கு.

அதனால் புறப்படும் முன்பே தங்குமிடத்திலும் ஊராட்சியிலும் பேசி, எத்தனை சாக்கு எடுத்துக்கொள்வார்கள், எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் சொல்லிவிட்டே போங்கள். அது தேசியப் பூங்கா. உள்ளேயிருந்து எதை வெளியே கொண்டுவந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மறுசுழற்சிக்குப் போகுமே" என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். வெயிலில் வெந்து, உப்பும் மணலும் ஏறிய பிளாஸ்டிக்கைப் பழைய சாமான்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நல்ல பாட்டிலே கப்பல் ஏறி மெயின்லேண்ட் வந்தால்தான் காசு.

எவ்வளவு முடியும் என்றால், ஆளுக்கு ஐந்து கிலோ. கேட்க ரொம்பக் கம்மியாகத் தெரியும். மணலில் இரண்டு கிலோமீட்டர் அதைத் தூக்கி நடந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். ஆறு பேருக்கு முப்பது கிலோ. கரையில் கிடப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் எடையைப் பார்க்காமல், கிடந்தால் இன்றைக்கே உயிரை எடுக்கக்கூடியது எது என்று பார்த்துப் பொறுக்கச் சொல்கிறேன்.

அதில் முதலிடம் வலைக்கு. அறுந்து மிதந்து வரும் வலை, மீனவன் கையை விட்ட பிறகும் மீன் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பேய்வலை என்று சும்மா சொல்வதில்லை. காளிப்பூர் ஆமைகள் முட்டையிட ஏறும் கரை, நீங்கள் போகும் ஜனவரி அதற்கான பருவமும்கூட. ஏறிவரும் ஆமையின் துடுப்பு ஒரு கண்ணியில் மாட்டினால் போதும். மேலே கிடக்கும் வலையைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துச் சுருட்டுங்கள் (கத்தி விமானத்தில் செக்-இன் பையில்தான் போக வேண்டும்). மணலுக்குள் புதைந்த வலையை இழுக்காதீர்கள், வெளியே தெரிவதை மட்டும் அறுத்து எடுங்கள். அடியில் முட்டைக்குழி இருக்கலாம். மண்வெட்டி, வாரி எதுவும் வேண்டாம், கை போதும்.

இரண்டாவது, மூடியில்லாத பாட்டில். இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அந்தமான் கரைகளில் சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வாய் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் அது நுழைந்துவிட்டால், வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாது. உள்ளேயே செத்துவிடும். கதை அதோடு முடிவதில்லை. செத்த நண்டின் வாசனை, "இங்கே ஒரு சங்கு காலியாகிறது" என்று மற்ற நண்டுகளுக்குச் சேதி சொல்லும். வீடு தேடி அடுத்தது வரும், அதுவும் மாட்டும். இப்படி ஒரு பாட்டிலைக் கவிழ்த்தபோது என் கையில் ஒரு பிடி சங்கு கலகலவென்று கொட்டியது. எல்லாம் காலி. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் இப்படிக் குப்பைக்குள் மாட்டிச் சாகும் நண்டுகள் ஆண்டுக்கு ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, தூக்க முடியாத பாட்டிலானாலும் உள்ளே இருப்பதைக் கவிழ்த்துவிட்டு ஒரு மூடி போட்டுவிடுங்கள். கரையிலேயே மூடிகள் நிறையக் கிடக்கும், ஒன்றாவது பொருந்தும்.

செருப்பு, தெர்மாகோல் எல்லாம் சாக்கில் இடமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம். தெர்மாகோல் பெரிய கட்டியாக இருக்கும்போதே எடுங்கள், பொரிந்து உதிர ஆரம்பித்தால் பிறகு யாராலும் பொறுக்க முடியாது. எடுக்க முடியாததை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். கோகோஸ் தீவுகளின் கரையில் 41 கோடிக்கும் மேற்பட்ட குப்பைத் துண்டுகள் இருப்பதாக 2019-இல் மதிப்பிட்டார்கள். அதில் 93 விழுக்காடு கண்ணுக்கே தெரியாமல் மேல்மணலுக்குள் புதைந்து கிடந்தது. கடல் ஏற்கெனவே செய்யும் வேலையில் நாம் வேறு பங்கெடுக்க வேண்டியதில்லை.

தொடக்கூடாதவை: ஊசி, மருந்துக் குப்பி, பெயர் அழிந்த ரசாயன கேன், டிரம். கப்பலிலிருந்து விழும் டியூப் லைட், பெரிய பல்புகள் உடையாமலே கரை சேர்வதுண்டு. அவற்றில் பாதரசம் இருக்கும் என்பதால் சாக்கில் போட்டு நொறுக்கிவிடாதீர்கள். இடத்தைப் படம் எடுத்து வனத்துறையிடம் காட்டினால் போதும். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் கோடு போட்டதுபோல் ஒதுங்கியிருந்தாலும் உடனே சொல்லுங்கள். அது பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருள். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது ஆயிரத்து அறுநூறு டன்னுக்கும் மேல் கடலில் கலந்தது இதுதான். ஓடை கடலில் சேரும் இடங்களில் எந்தக் குப்பைக்காகவும் தண்ணீரில் இறங்காதீர்கள். உவர்நீர் முதலை உள்ள ஊர் அது. கையுறை கட்டாயம். மணல்ஈ கடிக்கு முழுக்கால் சட்டையும் தேங்காய் எண்ணெயும்.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. அவர் சொல்வதில் பாதி சரி. பார்கோடின் முதல் மூன்று எண்களைப் பாருங்கள்: 885 தாய்லாந்து, 955 மலேசியா, 899 இந்தோனேசியா, 883 மியான்மர். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைகளில் இவை ஒதுங்குவது புதிதல்ல. கிரேட் நிகோபாரில் ஆய்வாளர்கள் சேகரித்த வெளிநாட்டுப் பாட்டில்களில் மலேசியாவுடையதே அதிகம். ஆனால் அந்த எண், கம்பெனி எங்கே பதிவு செய்தது என்பதை மட்டும்தான் சொல்லும். பாட்டில் எங்கே கடலில் விழுந்தது என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள பாட்டிலின் உடம்பைப் பாருங்கள். காம்பு வைத்த கொட்டலசுகள் (மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) கொத்தாக ஒட்டியிருந்தால் அது பல வாரங்கள் மிதந்து வந்தது. லேபிள் புதுசாக, மேனி வழவழவென்று இருந்தால் பக்கத்தில் போன கப்பலிலிருந்தோ படகிலிருந்தோ விழுந்திருக்கலாம். கப்பலிலிருந்து பிளாஸ்டிக் போடுவதை மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கை 1988 கடைசியிலிருந்தே தடை செய்திருக்கிறது, இருந்தும் நின்றபாடில்லை. அப்புறம், 890 என்று தொடங்குவதையும் எண்ணச் சொல்லுங்கள். அது நம் நாட்டு எண். சிப்ஸ் பாக்கெட்டும் குட்கா உறையும் மலாக்கா நீரிணை தாண்டி வந்திருக்காது. எண்ணி முடிக்கும் வரை அவர் கையில் ஒரு சாக்கு இருக்கட்டும்.

மகளுக்கு: பாட்டில் காலியாக, வெறும் பாட்டிலாக இருந்தால், சாவடியில் காட்டிக் கேட்டுவிட்டு எடுத்து வரட்டும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பை முழுக்கக் கருவாட்டு நாற்றம் அடிக்கும். பவளத் துண்டோ சங்கோ சேர்ந்திருந்தால் வேண்டாம். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் அதற்காகவே பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே நண்டு இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.