பெனியரோல் பிறந்தது எந்த ஆண்டில்?

கேள்வி: உருகுவே நாட்டின் பெனியரோல் கால்பந்துக் கழகம் 1891இல் தோன்றியதாக என் பேரன் சொல்கிறான், அவனுடைய நண்பனோ 1913 என்று சாதிக்கிறான். ஒரே கழகத்துக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் எப்படி அமையும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: தங்கள் பேரனும் அவன் நண்பனும் போடும் சண்டையை உருகுவேயின் தலைநகரான மொண்டேவிடியோ நகரத்தார் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டுவருகிறார்கள். 1891 செப்டம்பர் 28 அன்று, ஆங்கிலேயர் நடத்திய மத்திய உருகுவே ரயில்வே நிறுவனத்தின் ஊழியர்கள் 118 பேர் கூடி ஒரு கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் 72 பேர் ஆங்கிலேயர், 45 பேர் உருகுவே நாட்டவர், ஒருவர் ஜெர்மானியர். மறு ஆண்டே கால்பந்து நுழைந்தது; 1900இல் நடந்த நாட்டின் முதல் லீக் போட்டியில் இந்த ரயில்வே அணியே வென்றது.

வெற்றி பெருகப் பெருக நிர்வாகத்துக்குத் தலைவலியும் பெருகியது. ஆட்டத்துக்காகத் தொழிலாளர்கள் வேலைக்கு மட்டம் போடுவதும், ரசிகர்களின் ஆவேசத்தில் ரயில் பெட்டிகள் சேதமாவதும் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. 1913 டிசம்பரில் கால்பந்துப் பிரிவு தனியாகப் பிரிந்தது; 1914 மார்ச்சில் அது பெனியரோல் என்ற பெயரை முறையாக ஏற்றது. பழைய ரயில்வே கழகம் 1915இல் கலையும் வரை தனியே இருந்ததால், பெனியரோல் ஒரு புதிய கழகமே என்றும், 1899இல் தோன்றிய தாங்களே மூத்தவர்கள் என்றும் எதிரணியான நசியோனல் வாதிடுகிறது.

கொண்டுவிற்கக் கடல் கடந்து போன இடத்தில் கடையின் விலாசம், அதாவது பெயர், மாறி, பங்காளிகள் பிரிந்து, புதுப் பேரேடு போட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த தங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கு எளிதில் விளங்கும். ஆட்டக்காரர்களும், சட்டையின் நிறமும், லீக்கில் இருந்த இடமும் அப்படியே புதுப் பெயருக்கு வந்து சேர்ந்தன என்பதால் என் ஓட்டு 1891க்கே. எனினும், பத்திரங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கறிஞர் ஒருவர் நசியோனல் பக்கம் சாய்ந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெனியரோல் என்பதற்கு என்ன பொருள்? மஞ்சளும் கறுப்பும் எங்கிருந்து வந்தன?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அது மொண்டேவிடியோவில் உள்ள ஒரு பகுதியின் பெயர். இத்தாலியின் பினெரோலோ என்னும் ஊரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஒருவரால் அந்தப் பகுதிக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. உள்ளூர் நாக்கில் புரண்டு அது பெனியரோல் ஆனது. பிறகு ரயில்வே பணிமனை அங்கே வந்தது. திருச்சிப் பொன்மலையைப் போலப் பட்டறையும் தொழிலாளர் வீடுகளுமாக அமைந்த இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் கறுப்பும் அந்த ரயில்வேயின் நிறங்கள். கழகத்தாரைக் ‘கரிக்காரர்கள்’ என்று அழைப்பதும் நீராவி எஞ்சின் காலத்து மிச்சம்தான்.

கேள்வி: அவர்களுடைய வெற்றிகளில் தலையாயது எது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 1950இல் பிரேசிலை அதன் மரக்கானா மைதானத்திலேயே 2–1 என வீழ்த்தி உருகுவே உலகக் கோப்பையை வென்றபோது, அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவும், கோல் போட்ட ஸ்கியாஃபினோ, கிகியா இருவரும் பெனியரோல்காரர்களே. ஆனால் அது நாட்டின் வெற்றி. கழகத்தின் வெற்றி என்றால் 1966ஐச் சொல்வேன். தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்தடோரெஸ் கோப்பையை அது தொடங்கிய 1960இலும் மறு ஆண்டிலும் வென்றிருந்த பெனியரோல், 1966 இறுதியில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியுடன் சிலி நாட்டின் சாண்டியாகோவில் மோதி, முதல் பாதியில் 0–2 எனப் பின்தங்கியது. பிறகு சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 4–2 என வென்றது. அன்று தோற்ற ரிவர் பிளேட்டுக்கு எதிரணி ரசிகர்கள் சூட்டிய ‘கோழிகள்’ என்னும் பட்டம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில் கோல் போட்டவர்களுள் ஒருவரான ஈக்வடார்காரர் ஆல்பெர்டோ ஸ்பென்சர், இக்கோப்பையில் மொத்தம் 54 கோல்கள் அடித்தவர். அதே ஆண்டு, ஐரோப்பிய, தென் அமெரிக்க வெற்றியாளர்கள் மோதும் கண்டங்களுக்கிடையிலான கோப்பையில், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டையும் இரண்டு ஆட்டங்களிலும் 2–0 என வென்றார்கள். 1982, 1987 ஆண்டுகளிலும் லிபர்தடோரெஸ் கோப்பை கிடைத்தது. இரண்டு முறையும் கடைசி நிமிடங்களில் விழுந்த கோல்களே காரணம்.

கேள்வி: அவர்களுக்குச் சொந்த மைதானம் உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நெடுங்காலம் பெரிய ஆட்டங்களை 1930 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட செந்தனாரியோ அரங்கில்தான் ஆடினார்கள். 2016 மார்ச்சில் சொந்த அரங்கம் திறக்கப்பட்டது. திறப்பு விழா ஆட்டத்துக்கு அவர்கள் அழைத்தது அதே ரிவர் பிளேட்டை. பெனியரோலுக்கு 4–1 என வெற்றி.