வட்டம் முட்டையானால் திரை டேப்லெட் வாங்க வேண்டியதில்லை

கணினியில் பேனாவால் வரைய உதவும் டேப்லெட்டில், திரை உள்ளது இப்போதைக்கு வேண்டாம். காசிமேட்டுப் படகில் தொங்கும் டயரை வரைந்தால் முட்டையாக விழுகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் விகிதக் கோளாறு.

நண்பரிடம் இரவல் வாங்கிய திரையில்லாத டேப்லெட் 6க்கு 4 அங்குலம், உங்கள் லேப்டாப் திரை 16:9. ஒன்றின் முழுப் பரப்பை மற்றதன் முழுப் பரப்போடு பொருத்தினால் கோடு பக்கவாட்டில் இழுபடும்.

டேப்லெட் மேல் ஒரு கண்ணாடி வளையலை வைத்து, உள்விளிம்பை ஒட்டிப் பேனாவைச் சுற்றிப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர், நாணயம் எல்லாம் வேண்டாம், உலோகம் பேனா சிக்னலைக் கெடுக்கலாம். திரையில் முட்டை வந்தால் டேப்லெட்டை இயக்கும் மென்பொருளின் (டிரைவர்) செட்டிங்கில் விகிதத்தைப் பூட்டுங்கள். டேப்லெட்டின் உயரத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வீணாகும், பரவாயில்லை.

வளையல் சரியாக வந்து, வெறுங்கையில் வரைந்தால் மட்டும் கோணுகிறதா? அது பழக்கம்தான், எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. ரெண்டு வாரம் தினமும் கிறுக்குங்கள்.

அப்புறமும் சொந்தமாக வேண்டுமென்றால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போங்கள். திரையில்லாத 10க்கு 6 அங்குலம், சார்ஜ் தேவைப்படாத பேனா போதும். பேனா அழுத்தத்தை 8192 நிலைகளாக உணரும், 16384 நிலைகளாக உணரும் என்று கடைக்காரர் அடுக்குவார். கைக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. மாற்று நிப் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.