வாசகர் கேள்வி: பிராட்வேயில் எந்த இருக்கை?

(நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளுக்குப் பொதுப்பெயரான பிராட்வே பற்றி 2022 இறுதியில் எழுதிய கேள்வி பதில்கள் இவை. இதில் பேசப்படும் ‘தி மியூசிக் மேன்’ அதன் பிறகு நிறைவடைந்துவிட்டது.)

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் வசிக்கிறோம். ஹியூ ஜாக்மன் நடிக்கும் ‘தி மியூசிக் மேன்’ இசை நாடகத்துக்கு அழைத்துப் போகும்படி என் மகள் இந்த ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 2023 ஜனவரி 15ஆம் தேதியுடன் நாடகம் நிறைவடைகிறது என்பதால் இனியும் தள்ளிப்போட இயலாது. திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். நடு இருக்கைகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கீழ்த்தளத்தில் சுவரோர இருக்கைகளும், மாடியில் நடுப்பகுதியின் பின்வரிசைகளும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கின்றன. எதை வாங்கலாம்? மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, எடிசன்

பதில்: விலை ஒன்றாக இருக்கும்போது, கீழ்த்தளத்தின் சுவரோரத்தைவிட மாடியின் நடுப்பகுதியே மேல். உங்கள் மாமனாரின் முழங்கால் மட்டும் இந்தப் பதிலைச் சற்று மாற்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இருக்கை வரைபடத்தில் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று இருப்பது வாத்தியக் குழுவைக் குறிப்பதன்று. தரைத்தள இருக்கைகள் அனைத்துக்கும் அதுவே பெயர். அதற்கு மேலே உள்ள முதல் மாடி ‘மெசனைன்’. சில அரங்குகளில் அதற்கும் மேலே ‘பால்கனி’ என்று இன்னொரு மாடி உண்டு. நம் ஊர்த் திரையரங்குகளில் பால்கனி டிக்கெட்தான் உயர்ந்த வகுப்பு என்று வளர்ந்தவர்கள், இங்கே அது பெரும்பாலும் மிகக் குறைந்த விலைக்குரிய இடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போகவிருக்கும் விண்டர் கார்டன் அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா, மெசனைன் என இரண்டே தளங்கள்.

அந்த அரங்கின் வரலாறும் உங்கள் கேள்வியோடு தொடர்புடையது. 1911இல் நாடக அரங்காகத் திறக்கப்படுவதற்கு முன் அது குதிரைகளை வாங்கி விற்கும் சந்தைக் கட்டடமாக இருந்தது. மற்றப் பல பிராட்வே அரங்குகளோடு ஒப்பிட்டால் அதன் கூடம் அகலமானது. அகலமான கூடத்தில் சுவரோரம் உட்காருபவர், மேடையை ஏறக்குறைய பக்கவாட்டிலிருந்துதான் பார்க்க நேரும். இடப்பக்கச் சுவரோரம் அமர்ந்தால் மேடையின் இடப்பக்க உள்மூலை தெரியாது. வலப்பக்கம் அமர்ந்தால் வலப்பக்க மூலை போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் அரங்கில், ஆறாவது வரிசை என்ற ஒரே காரணத்துக்காக அப்படி ஓர் இருக்கையை நான் வாங்கினேன். இரண்டாம் பாதியின் முக்கியமான காட்சி என் பக்கத்து மூலையிலேயே நடந்தது. நடுவில் அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் சிரித்தபோது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் மேடைக்கு எவ்வளவு அருகில் என்று பார்ப்பதற்கு முன், மேடைக்கு எவ்வளவு நேரே என்றுதான் பார்க்கிறேன்.

இந்த நாடகத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நகரத்துக்கு நகரம் போய், சிறுவர்களுக்கு வாத்தியக் குழு அமைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் ஒரு விற்பனையாளன், 1912இல் ஐயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்வதுதான் கதை. ஊரே ஆடுகிறது. வாரன் கார்லைல் அமைத்திருக்கும் நடனங்களில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பெருங்கூட்டம் மேடையை நிறைத்துக்கொண்டு வரிசைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் நகர்கிறது. கீழே நான்காம் வரிசையில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் தோள்கள்தான் தெரியும். மெசனைன் நடுவிலிருந்து பார்ப்பவருக்கோ அந்தக் கூட்டம் தரையில் இடும் கோலம் முழுவதும் தெரியும். கதாநாயகியாக நடிக்கும் சட்டன் ஃபாஸ்டர், பிராட்வேயின் உயரிய விருதான டோனி விருதை இரண்டு முறை பெற்றவர், காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் ‘டேப்’ நடனத்தில் தேர்ந்தவர். அவருடைய கால்களைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

உங்கள் மகள் ஜாக்மனின் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்பது எனக்குப் புரிகிறது. மெசனைனின் கடைசி வரிசைகளிலிருந்து அவருடைய உடலசைவு முழுவதும் தெரியும், கண்ணசைவு தெரியாது. இதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். ஒரு சிறிய பைனாகுலரை எடுத்துச் செல்லுங்கள். பாடல் தொடங்கும் நேரத்தில் அரை நிமிடம் அதன் வழியாகப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள். முழு நேரமும் அதைக் கண்ணில் வைத்திருந்தால் ஒருவரைப் பார்த்து மற்ற எல்லோரையும் இழந்துவிடுவாள்.

வரைபடத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது எண்களைக் கவனியுங்கள். பிராட்வேயில் பொதுவாக இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை எண்கள், நடுப்பகுதிக்கு 101 முதலான எண்கள். பக்கவாட்டுப் பகுதிகளில் எண் சிறியதாக இருந்தால் நடுவுக்கு அருகில். எண் கூடக்கூடச் சுவரை நெருங்குகிறீர்கள். ஆகவே ஒரே வரிசையில், ஒரே விலையில், 2ஆம் எண் இருக்கையும் 22ஆம் எண் இருக்கையும் இருந்தால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. இன்னொன்று, விலை மாறும் எல்லையைத் தேடுங்கள். வரைபடத்தில் ஒரு வரிசை வரை ஒரு நிறமும் அடுத்த வரிசையிலிருந்து வேறு நிறமும் இருக்கும். குறைந்த விலை தொடங்கும் அந்த முதல் வரிசைக்கும், அதற்கு முன்னால் அதிக விலைக்கு விற்கும் கடைசி வரிசைக்கும் இடையில் இரண்டடி, மூன்றடிதான் தூரம். என் அனுபவத்தில் பணத்துக்கு முழு மதிப்பும் கிடைக்கும் இருக்கை அந்த எல்லையில்தான் இருக்கிறது. ‘பார்வை மறைப்பு’ என்று குறித்திருந்தால், எது மறைக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இனி உங்கள் மாமனார். பழைய பிராட்வே அரங்குகள் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி இல்லை. மெசனைனுக்குப் படியேறித்தான் போக வேண்டும், ஏறிய பிறகும் உள்ளே வரிசைகளுக்கு இடையே செங்குத்தான படிகள் இருக்கும், பிடித்துக்கொள்ள எல்லா இடத்திலும் கைப்பிடி இராது. வரிசைகளுக்கு இடையே கால் நீட்டும் இடமும் குறைவு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முழங்காலை மடக்கி உட்காருவது அவருக்குத் துன்பமாகிவிடும். அவரை மாடிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசைகளில், நடைபாதையை ஒட்டிய இரண்டு இருக்கைகள் வாங்கி, ஒன்றில் அவரையும் மற்றதில் உங்களில் ஒருவரையும் அமர்த்துங்கள். கீழ்த்தளத்தின் பின்வரிசைகளுக்கு மேலே மெசனைன் கூரைபோல நீண்டிருப்பதால், மேடை அமைப்பின் உச்சிப் பகுதி சற்று வெட்டுப்படும். நடிப்பவர்கள் தரையில்தானே நடிக்கிறார்கள், அதனால் பெரிய குறை இல்லை. மகளும் மற்றவரும் மெசனைன் நடுவில் அமரட்டும். இடைவேளையில் மேலே இருப்பவர்கள் கீழே இறங்கி வரலாம்.

குடும்பமாகப் போய்ப் பிரிந்து உட்காருவதா என்று தயங்குவீர்கள். நான்கு இருக்கைகள் சேர்ந்தாற்போல் வேண்டும் என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்திலோ கடைசியிலோதான். இரண்டு இரண்டாகத் தேடினால் நடுவில் இடைவெளிகள் இருக்கும். விளக்கு அணைந்த பிறகு யாரும் யாரோடும் பேசப்போவதில்லை. நடப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று சக்கர நாற்காலி இடங்களும், பக்கக் கைப்பிடியைத் தூக்கிக்கொள்ளக்கூடிய இருக்கைகளும் உண்டு. வாங்குவதற்கு முன்பே அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை தேவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. நவம்பர் இறுதியில் வரும் நன்றியறிதல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வாரமும், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான நாட்களும்தான் ஆண்டின் மிக அதிக விலைக்குரிய காலம். ஜனவரியில் பிராட்வே பொதுவாக மலிவாகிவிடும், ஆனால் இந்த நாடகம் அந்த மாதத்திலேயே நிறைவடைவதால் கடைசி நாட்களுக்குப் போட்டி இருக்கும். டிசம்பர் தொடக்கத்தில், செவ்வாய், புதன், வியாழக் கிழமைகளில் ஒன்றைத் தேடுங்கள். மகளுக்குப் பள்ளியில் ஒரு நாள் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். சனிக்கிழமையைவிட விலை குறைவாக இருக்கும்.

எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் வர முடியும் என்பதால், முடிந்தால் அரங்கின் டிக்கெட் விற்பனை இடமான பாக்ஸ் ஆபீஸுக்கு நேரில் போய் வாங்குங்கள். இணையத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேரும் சேவைக் கட்டணம் அங்கே இல்லை. நான்கு டிக்கெட் என்றால் அது கணிசமான தொகை. அங்கே இருப்பவரிடம், ‘இந்த இருக்கையிலிருந்து என்ன தெரியாது?’ என்று கேளுங்கள். வரைபடம் சொல்லாததை அவர் சொல்வார். இணையத்தில்தான் வாங்குவது என்றால், 2022 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நியூயார்க் மாநிலச் சட்டப்படி கட்டணம் உட்பட மொத்த விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்பதை அறிந்திருங்கள்.

கேள்வி: நடிகருக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுக்கிறோம். அன்று அவர் வராவிட்டால்?
— ஒரு வாசகர், ஜெர்சி சிட்டி

பதில்: நாடகத்தின் பெயருக்கு மேலே பெயர் அச்சிடப்பட்டிருக்கும் நடிகர் நடிக்காத நாளில், பணத்தைத் திருப்பித் தருவதோ வேறு தேதிக்கு மாற்றித் தருவதோ பிராட்வேயில் வழக்கம். ஆனால் இது அதிகாரப்பூர்வமாக வாங்கியவர்களுக்கு. மறுவிற்பனையாளரிடம் வாங்கியவர் அந்த விற்பனையாளரின் விதிகளுக்குத்தான் உட்பட்டவர். எனவே மலிவாக இருக்கிறதே என்று மறுவிற்பனையில் வாங்குவதற்கு முன் அந்த விதிகளைப் படியுங்கள்.

‘தி மியூசிக் மேன்’ நாடகத்திலேயே 2021 டிசம்பர் 23 அன்று சட்டன் ஃபாஸ்டர் நோய்வாய்ப்பட்டபோது, கேத்தி வோய்ட்கோ அன்றே ஒத்திகை பார்த்து அன்றிரவே கதாநாயகியாக நடித்தார். இறுதி வணக்கத்தின்போது ஜாக்மன் அவரை முன்னே அழைத்து, இப்படிப்பட்ட மாற்றுக் கலைஞர்கள்தான் பிராட்வேயின் அடித்தளம் என்று மனம் நெகிழ்ந்து பாராட்டினார். சில நாட்களில் ஜாக்மனுக்கே கோவிட் தொற்று ஏற்பட்டுக் காட்சிகள் ரத்தாயின. 2022 ஜூனில் மீண்டும் தொற்று வந்தபோது மேக்ஸ் கிளேட்டன் அவருடைய இடத்தில் நடித்தார். பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆயினும் அரங்கின் வாசல்வரை வந்துவிட்டீர்கள் என்றால் உள்ளே போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். ஒரே நாள் ஒத்திகையில் அந்த மேடையை ஏற்று நிற்பவரைக் காணும் வாய்ப்பு எளிதில் அமைவதன்று.

கேள்வி: டைம்ஸ் சதுக்கத்தில் பாதி விலைக்கு டிக்கெட் விற்கும் சாவடியில் இத்தகைய நாடகங்கள் கிடைக்குமா?
— ஒரு மாணவி, குவீன்ஸ்

பதில்: 1973 முதல் இயங்கும் அந்த டி.கே.டி.எஸ். சாவடி அன்றைக்கு விற்காத இருக்கைகளை விற்கும் இடம். பெரிய நட்சத்திரம் நடிக்கும் நாடகத்தில் விற்காத இருக்கைகள் அரிது, அதனால் அதை நம்பிப் போகாதீர்கள். மாணவி என்பதால் உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. 1996இல் ‘ரெண்ட்’ நாடகம் முன் இரண்டு வரிசைகளை 20 டாலருக்கு ஒதுக்கியதிலிருந்து, அன்றைய நாள் மலிவு விலை டிக்கெட்டும் குலுக்கல் முறையும் பல நாடகங்களுக்குப் பரவின. ‘ஹாமில்டன்’ குலுக்கலில் 10 டாலருக்கு இருக்கை கொடுத்தது. எல்லா நாடகங்களும் தருவதில்லை, விதிகளும் வேறுபடும், ஆகவே நீங்கள் விரும்பும் நாடகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பாருங்கள். எல்லா இருக்கைகளும் விற்றுவிட்ட நாளில் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்னால் நின்று பார்க்கும் டிக்கெட்டைச் சில அரங்குகள் குறைந்த விலைக்குத் தருகின்றன. உங்கள் வயதில் இரண்டரை மணி நேரம் நிற்பது பெரிதல்ல, மேடையும் நேரெதிரே இருக்கும். தயாரிப்பாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் ஒதுக்கிவைத்த இருக்கைகள் நிகழ்ச்சிக்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் பொதுவிற்பனைக்கு வருவதும் உண்டு. தனியாகப் போகிறவருக்கு ஒற்றை இருக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காலையில் பாக்ஸ் ஆபீஸ் திறக்கும்போது அங்கே நின்று கேளுங்கள்.